நிறுத்திய வண்டிக்கு யார் பொறுப்பு?

தசரா நாட்களில் உடன்குடி பஜாரைத் தாண்டிக் குலசேகரன்பட்டினம் போய்ச் சேருவதே பெரும்பாடு. காளி, குரங்கு, கரடி, போலீஸ் என்று வேடம் கட்டிய பக்தர்களும் தசரா குழுக்களின் மேளமும் சாலையை நிறைத்திருப்பார்கள். பல மாவட்டங்களிலிருந்து வரும் வேன்களையும் கார்களையும் ஊருக்கு வெளியே, காலி நிலங்களில் ஒதுக்கிய தற்காலிக நிறுத்துமிடங்களுக்குத் திருப்பி விடுவார்கள். கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம் முடியும்போது நள்ளிரவாகிவிடும். அதன் பிறகு எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் கிளம்பும். வெளிச்சம் போதாது, தரை மணல், ஓட்டுநர்களுக்குத் தூக்கக் கலக்கம், பின்னால் பார்த்துச் சொல்ல ஆளிருக்காது. 2025 ஜூலை 7 அன்று திருச்செந்தூர் குடமுழுக்குக்கு வந்தவர்களும் இப்படித்தான் தற்காலிக இடங்களில் வண்டியை விட்டுவிட்டு நடந்தார்கள். இத்தகைய இடங்களில் உயிர்ப்பலி விபத்துகள் அரிது. பம்பர் பிளக்கும், பின்விளக்கு உடையும், கதவு உள்வாங்கும்.

இடித்தவர் இறங்கி வருவார். "அண்ணாச்சி, வேணும்னு இடிக்கல. ரெண்டாயிரம் தாரேன், இதோட முடிச்சுக்கிடுவோம். இன்சூரன்சு, போலீசுன்னு எதுக்கு அலையணும்?" என்பார். கூட்டத்தில் நாலு பேர் "விடுங்க, கோயிலுக்கு வந்த இடத்துல என்ன சண்டை" என்பார்கள். பணம் கைமாறும், இரண்டு வண்டிகளும் புறப்படும். காப்பீட்டு நிறுவனத்துக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

இது சோம்பலாலோ அறியாமையாலோ மட்டும் நடப்பதில்லை. நம் நாட்டு வாகனக் காப்பீட்டின் அமைப்பே மக்களை இந்தச் சமரசத்துக்குத் தள்ளுகிறது. சட்டம் தகவல் சொல்லச் சொல்கிறது. பாலிசி, சொல்லிப் பணம் கேட்டவரைத் தண்டிக்கிறது. அதிலும் தவறே செய்யாத, வண்டியை ஒழுங்காக நிறுத்திவிட்டுப் போனவரைத்தான் அதிகம் தண்டிக்கிறது.

முதலில் சட்டம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஆவது பிரிவு விபத்துக்குப் பிறகு ஓட்டுநர் செய்ய வேண்டியதைச் சொல்கிறது. ஆளுக்குக் காயம் பட்டால் மட்டும்தான் இந்தப் பிரிவு என்று பலர் நினைக்கிறார்கள். பிரிவின் தலைப்பும் அப்படி நினைக்க வைக்கும். ஆனால் உள்ளே, மூன்றாம் நபரின் சொத்துக்குச் சேதம் ஏற்பட்டாலும் பொருந்தும் என்று தெளிவாக இருக்கிறது. அடுத்தவரின் கார் அடுத்தவரின் சொத்துதான். அந்த இடத்தில் காவலர் இருந்து விவரம் கேட்டால் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அருகிலுள்ள காவல் நிலையத்தில் கூடிய விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் பாலிசி எண், விபத்து நடந்த நாள், நேரம், இடம், காயமடைந்தவர்கள் இருந்தால் அவர்கள் விவரம், ஓட்டியவரின் பெயர், உரிமம் ஆகியவற்றை எழுத்தில் தர வேண்டும். செய்யாமல் விட்டால் 187ஆவது பிரிவின்படி தண்டனை உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு அது 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பம்பர் கீறலுக்காக ஒருவர் சிறை போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் "சின்ன இடிதானே, யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை" என்ற நம்பிக்கைக்குச் சட்டத்தில் ஆதாரம் கிடையாது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து பாலிசி. பெரும்பாலோர் கையில் இருப்பது பழைய இந்திய மோட்டார் டாரிஃப் 2002 வகுத்த வாசகங்களின் வழிவந்த ஆவணம். அதில் முதல் நிபந்தனை, இழப்பு ஏற்பட்டவுடன் நிறுவனத்துக்கு எழுத்தில் தகவல் தர வேண்டும் என்பது. இரண்டாவது நிபந்தனையைத்தான் யாரும் படிப்பதில்லை. நிறுவனத்தின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் காப்பீடு எடுத்தவர் தவறை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்களிக்கவோ, பணம் கொடுக்கவோ கூடாது என்கிறது அது. நிறுத்துமிடத்தில் நின்று "முழுச் செலவையும் நான் ஏத்துக்கிடுதேன்" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர், பிறகு அந்தச் செலவைத் தன் நிறுவனம் கட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. சொந்தப் பையிலிருந்து கொடுத்து முடிப்பதானால் அது வேறு. கொடுத்த தாளையும் நிறுவனத்தின் கிளெய்ம் படிவத்தையும் சேர்த்து நீட்டுவதில்தான் சிக்கல்.

இனி பணக் கணக்கு. மக்களின் நடத்தையைத் தீர்மானிப்பது இதுதான் என்பதால் விரித்தே பார்க்கலாம். நான்காம் ஆண்டில் ஓடும் 1,200 சிசி கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இதுவரை கிளெய்ம் எதுவும் இல்லாததால் 35 சதவீத நோ கிளெய்ம் போனஸ் கிடைத்துக்கொண்டிருக்கிறது. சலுகைக்கு முந்தைய சொந்தச் சேத பிரீமியம் ஆண்டுக்கு 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். இடிபட்ட பின் பம்பருக்கு 5,000, பெயின்ட் வேலைக்கு 4,000, கூலி 1,500. மொத்த பில் 10,500 ரூபாய்.

பம்பர் பிளாஸ்டிக். பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்களுக்கு வண்டியின் வயது எதுவானாலும் 50 சதவீதத் தேய்மானம் கழிப்பார்கள். ஆக 2,500 போய்விடும். பெயின்ட் பில்லில் கால்பங்கைப் பொருள் விலை என்று எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள். அதில் 500 போகும். கூலிக்குத் தேய்மானம் இல்லை. மிஞ்சுவது 7,500. அதிலிருந்து கட்டாயப் பிடித்தம் ஒன்று உண்டு. 1,500 சிசி வரையுள்ள கார்களுக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. கடைசியில் கைக்கு வருவது 6,500 ரூபாய்.

இந்த 6,500க்கு என்ன விலை? போனஸ் ஏணியின் படிகள் 20, 25, 35, 45, 50 சதவீதம். கிளெய்ம் செய்யாமல் இருந்திருந்தால் அடுத்த ஆண்டு 45 சதவீதச் சலுகையில் 5,500 ரூபாய் கட்டியிருப்பார். கிளெய்ம் செய்ததால் முழு 10,000. அதற்கடுத்த ஆண்டு 5,000க்குப் பதில் 8,000. பிறகு 7,500, பிறகு 6,500, பிறகு 5,500. கிளெய்ம் செய்யாதவருக்கு அந்த ஆண்டுகளிலெல்லாம் 5,000தான். வித்தியாசங்களைக் கூட்டினால் 4,500, 3,000, 2,500, 1,500, 500. மொத்தம் 12,000 ரூபாய். கார் பழையதாக ஆக அதன் மதிப்பும் பிரீமியமும் குறையும் என்பதால் உண்மைத் தொகை இதைவிடச் சற்றுக் குறையலாம். ஜிஎஸ்டியைச் சேர்த்தால் சற்று ஏறலாம். திசை மாறாது. 6,500 ரூபாய் வாங்கியவர் ஐந்து ஆண்டுகளில் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கைத் திருப்பிக் கட்டுகிறார்.

நிறுத்துமிடத்தில் 2,000 ரூபாயை வாங்கிக்கொண்டு நடந்தவர் கணக்குத் தெரியாதவர் அல்லர் என்பது இப்போது விளங்கும்.

இடித்தவரின் காப்பீட்டு நிறுவனம் ஏன் கட்டக் கூடாது? நியாயமான கேள்வி. இடித்தவரின் பாலிசியில் மூன்றாம் நபர் பொறுப்பு என்று ஒரு பகுதி இருக்கிறது. நம் நாட்டில் 1946 ஜூலை 1 முதல் கட்டாயமாக இருப்பது இதுதான். தனியார் கார்களுக்கு அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கு வழக்கமாக 7.5 லட்சம் ரூபாய் வரை இதில் இடம் உண்டு. பிரீமியத்தில் சிறு தொகையை மிச்சப்படுத்த இதை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொள்ளும் வழியும் டாரிஃபில் இருந்தது. உங்கள் பாலிசியில் எந்தத் தொகை இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. ஆனால் அந்தப் பணத்தைப் பெறும் வழி, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடுவது. சொத்துச் சேதத்தையும் விசாரிக்க 165ஆவது பிரிவு அந்தத் தீர்ப்பாயங்களுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. பத்தாயிரம் ரூபாய் பம்பருக்காக வக்கீல் வைத்து, காவல் நிலையப் பதிவு வாங்கி, வாய்தாவுக்கு அலைய யார் வருவார்கள்? உரிமை ஏட்டில் இருக்கிறது. சிறு சேதத்துக்கு அது எட்டாது.

அதனால் இடிபட்டவர் தன் சொந்த நிறுவனத்திடமே போகிறார். அங்கே இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. ஜெனரல் இன்சூரன்ஸ் கவுன்சிலின் கீழ் நிறுவனங்கள் தங்களுக்குள் 'நாக் ஃபார் நாக்' என்றொரு ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. இரண்டு கார்கள் மோதினால் அவரவர் வாடிக்கையாளரின் வண்டிச் சேதத்தை அவரவர் நிறுவனமே கட்டிக்கொள்ளும், எதிர்த்தரப்பு நிறுவனத்திடம் வசூலிக்கப் போகாது என்பது அதன் சாரம். நிறுவனங்களுக்கு இதனால் வழக்குச் செலவு மிச்சம். அதை நான் குறை சொல்லவில்லை. பல நாடுகளில் இது உண்டு. நம் ஊரில் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அநியாயம் வேறு. கிளெய்ம் சொந்தச் சேதப் பகுதியில் போவதால், தவறு யாருடையதாக இருந்தாலும் இடிபட்டவரின் போனஸ் பறிபோகிறது, தேய்மானமும் கட்டாயப் பிடித்தமும் அவர் தலையிலேயே விழுகின்றன. இடித்தவரின் வண்டியில் பெரிதாக அடியில்லை என்றால் அவர் கிளெய்ம் எதுவும் செய்ய மாட்டார், அவர் போனஸ் அப்படியே இருக்கும். மூன்றாம் நபர் பகுதியில் பணம் கட்டப்பட்டிருந்தால் அந்த போனஸ் பொதுவாகக் குறையாது, ஏனென்றால் அது சொந்தச் சேத பிரீமியத்துக்கு மட்டுமானது. ஆக, சரியான கணக்கில் கட்டியிருந்தால் இரண்டு பேரின் போனஸும் தப்பியிருக்கும். நிறுவனங்களின் வசதிக்காகச் செய்த ஒப்பந்தத்தின் செலவை, வண்டியை நிறுத்திவிட்டுச் சாமி கும்பிடப் போனவர் சுமக்கிறார்.

இதற்கு மாற்று இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நம் மக்கள் பெருவாரியாக வாழும் மலேசியாவில் இதே நாக் ஃபார் நாக் முறை இருக்கிறது. விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸில் பதிவு செய்ய வேண்டும். தவறு உங்களுடையது இல்லை என்றால் உங்கள் சொந்த நிறுவனத்திடமே சேதத் தொகையைக் கோரலாம், உங்கள் நோ கிளெய்ம் சலுகை குறையாது. ஒரே ஒப்பந்தம், ஒரே பெயர். அங்கே நிரபராதிக்குக் காப்பு இருக்கிறது, இங்கே இல்லை.

சிங்கப்பூரில் 2008 முதல் நடைமுறையில் இருக்கும் மோட்டார் கிளெய்ம் ஏற்பாட்டின்படி, எவ்வளவு சிறிய மோதலானாலும் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் சொந்தக் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் சலுகை குறையலாம், பாலிசியைப் புதுப்பிக்க மறுக்கலாம், பொறுப்பையே ஏற்காமல் போகலாம். அங்கே மறைத்தால் சலுகை குறைகிறது, இங்கே தெரிவித்துக் கோரினால் குறைகிறது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் ஒரு மாதிரியும் உடன்குடியில் இருக்கும் தகப்பன் ஒரு மாதிரியும் நடந்துகொள்கிறார்கள் என்றால், அது குணத்தால் வந்த வேறுபாடு இல்லை, விதியால் வந்தது. பிரிட்டனிலும் 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், அடுத்தவர் வண்டியில் இடித்தால் நின்று பெயரும் முகவரியும் தர வேண்டும், தர முடியாவிட்டால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்ல வேண்டும் என்கிறது. நம் சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது.

சலுகை பறிபோகும் என்ற பயம் இன்னொரு கேட்டையும் வளர்க்கிறது. சிறு சிறு அடிகளைச் சேர்த்து வைத்து ஆண்டுக் கடைசியில் ஒரே கிளெய்மாகப் போடுவது. ஒர்க்‌ஷாப்பிலேயே இதற்கு யோசனை சொல்லுவார்கள். தசராவில் பின்னால் வாங்கிய அடி, கல்யாண மண்டபத்தில் கதவில் விழுந்த கோடு, வீட்டுத் தூணில் உரசிய முன்பக்கம், எல்லாவற்றுக்கும் சேர்த்து "மாடு குறுக்கே வந்தது" என்று ஒரு கதை. ஒவ்வொரு மோதலும் தனித்தனி நிகழ்வு, தனித்தனி கிளெய்ம். ஒன்றாக்கிச் சொல்வது பொய்த் தகவல்.

சர்வேயர்கள் அந்தக் கதையைக் கேட்பதற்கு முன்பே வண்டியைப் படித்துவிடுவார்கள். அனுபவமுள்ள ஒரு சர்வேயர் அடிபட்ட இடத்தைப் பார்க்கும்போது அவர் விரல் முதலில் கீறலின் உள்ளே போகும். புது அடியில் பெயின்ட் விளிம்பு கூர்மையாக இருக்கும், தகடு பளிச்சென்று தெரியும். மாதம் கடந்த அடியில் தகடு மங்கிப் பழுப்பேறியிருக்கும், கடற்கரை உப்புக்காற்றில் துரு சீக்கிரமே பூக்கும். பிளந்த பம்பரின் இடுக்கில் தூசியும் செம்மண்ணும் படிந்து, மழைநீர் வழிந்த தடம் இருக்கும். இடித்த வண்டியின் நிறம் இந்த வண்டியில் ஒட்டியிருக்கும். வெள்ளைக் காரில் நீலம் ஒட்டியிருந்தால் மாடு இடித்த கதை நிற்காது. தரையிலிருந்து அடி எந்த உயரத்தில் இருக்கிறது என்று டேப் வைத்து அளப்பார். கோடு முன்னிருந்து பின்னா, பின்னிருந்து முன்னா என்பதை வைத்து எந்த வண்டி நகர்ந்தது என்று சொல்லிவிடுவார். இப்போது பல சிறு கிளெய்ம்களைச் செல்பேசி வீடியோவிலேயே பார்க்கிறார்கள். ஆனாலும் வெயிலில், அருகில் வைத்து எடுக்கச் சொல்லி இதே தடயங்களைத்தான் தேடுகிறார்கள்.

ஓட்டியவரை மாற்றிச் சொல்வது இதைவிட ஆபத்தானது. லைசென்ஸ் இல்லாத மகன் ரிவர்ஸ் எடுத்து இடித்துவிட்டு, அப்பா பெயரைப் படிவத்தில் எழுதினால், பத்தாயிரம் ரூபாய் சேதத்துக்காக முழுக் காப்பீட்டு உறவையும் பொய்யில் நிறுத்துகிறார்கள். பிறகு அந்த மோதலில் யாருக்காவது கழுத்து வலி, முதுகு வலி என்று வழக்கு வந்தால் என்ன ஆகும்? திருவிழாக் காலத்தில் வாடகைக்கு ஆள் ஏற்றும் ஒயிட் போர்டு கார்களும் இதே நிலையில்தான் இருக்கின்றன. தனியார் பாலிசி வாடகைப் பயன்பாட்டை ஏற்பதில்லை. கூட்டத்தோடு கூட்டமாக இரண்டு நடை ஓட்டிச் சம்பாதித்ததை ஒரே இடியில் இழக்க நேரும்.

நிறுத்துமிடத்தை நடத்துபவரின் பொறுப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். டோக்கனில் 'வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று அச்சடித்திருப்பார்கள். அந்த வரி எப்போதும் செல்லும் என்றும் இல்லை, செல்லாது என்றும் இல்லை. சாவியை வாங்கிக்கொண்டு வண்டியைத் தன் பாதுகாப்பில் எடுத்தாரா, வெறும் இடத்தை மட்டும் விட்டாரா என்பதுதான் கேள்வி. தாஜ் மஹால் ஹோட்டல் வழக்கில் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. 1998இல் டெல்லியில் அந்த ஹோட்டலின் ஆளிடம் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனவரின் மாருதி ஜென் காரை வேறொருவர் ஓட்டிப் போய்விட்டார். சாவியை வாங்கி வண்டியை ஏற்றுக்கொண்ட ஹோட்டல், 'உரிமையாளர் பொறுப்பு' என்ற அச்சு வரியைக் காட்டித் தன் கவனக்குறைவிலிருந்து தப்ப முடியாது என்று தீர்ப்பானது. தசரா நிறுத்துமிடத்தில் சாவி உங்கள் சட்டைப் பையில்தான் இருக்கும். அங்கே நடத்துபவரிடம் பம்பர் செலவைக் கேட்பது கடினம். ஆனால் கேமரா பதிவு அவரிடம் இருக்கலாம். பழைய பதிவின் மேல் புதியது ஏறி அது சில நாட்களில் அழிந்துவிடும் என்பதால் அன்றே எழுதிக் கேட்க வேண்டும்.

தாமதமாகச் சொன்னால் கிளெய்ம் செத்துவிடுமா என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. காலையில் ஊர் போய்ச் சேர்ந்து வண்டியைக் கழுவும்போதுதான் அடியையே பார்ப்பவர்கள் உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரில் அனுப்பிய சுற்றறிக்கை, தாமதத்தை மட்டுமே காரணம் காட்டி நியாயமான கிளெய்மை மறுக்காதீர்கள் என்று நிறுவனங்களுக்குச் சொன்னது. ஓம் பிரகாஷ் வழக்கில் 2017இலும், குர்ஷிந்தர் சிங் வழக்கில் 2020இலும் உச்ச நீதிமன்றம் அதே திசையில் தீர்ப்பளித்தது. இரண்டும் வாகனத் திருட்டு வழக்குகள். தாமதத்துக்கு உண்மையான காரணம் இருந்தால் இயந்திரத்தனமாக மறுக்கக் கூடாது என்பது அவற்றின் கருத்து. ஆகவே இரண்டாம் நாள் பார்த்தாலும் இரண்டாம் நாளே சொல்லுங்கள், முதல் நாள் பார்த்ததாகத் தேதியை மாற்ற வேண்டாம்.

'பம்பர் டு பம்பர்' என்று முகவர்கள் விற்கும் பாலிசி இந்தச் சிக்கலைத் தீர்க்கிறதா? பாதிதான். அது தேய்மானக் கழிவை நீக்கும் கூடுதல் காப்பு. மேலே போட்ட கணக்கில் 3,000 ரூபாய் மிஞ்சும். போனஸைக் காப்பாற்றாது. அதற்குத் தனியாக இன்னொரு கூடுதல் காப்பு வாங்க வேண்டும். இந்தச் சொல்லைச் சுற்றியுள்ள குழப்பம் எவ்வளவு ஆழமானது என்பதற்குச் சென்னை உயர் நீதிமன்றமே சாட்சி. 2021 ஆகஸ்டில் ஈரோட்டு வழக்கு ஒன்றில், செப்டம்பர் 1 முதல் விற்கும் புது வாகனங்களுக்கெல்லாம் ஐந்தாண்டு பம்பர் டு பம்பர் காப்பீடு கட்டாயம் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. ஓட்டுநர், பயணிகள், உரிமையாளர் எல்லோருக்கும் சேர்த்துக் காப்பு வேண்டும் என்பது அதன் நல்ல நோக்கம். நடைமுறையில் சாத்தியமில்லை என்று காப்பீட்டுத் துறை முறையிட, செப்டம்பர் 13 அன்று உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. வண்டி வாங்குபவருக்குப் பாலிசியின் உள்ளடக்கம் விளக்கப்படுவதில்லை என்று அந்த வழக்கில் நீதிபதி வருந்தியது மட்டும் இன்றும் உண்மை.

சரி, நள்ளிரவு மணலில் நிற்பவர் என்ன செய்ய வேண்டும்? இரண்டு வண்டிகளும் இருந்த நிலையிலேயே, எண் பலகை தெரியப் படம் எடுக்க வேண்டும். எதிர்த்தரப்பின் லைசென்ஸ், ஆர்.சி., பாலிசி ஆகியவற்றையும் படம் எடுத்துக்கொள்ளலாம். அவர் போய்விட்டால், வண்டி எண்ணை வைத்து அது எந்த நிறுவனத்தில் காப்பீடு செய்யப்பட்டிருக்கிறது என்று இன்சூரன்ஸ் இன்ஃபர்மேஷன் பியூரோவின் இணையதளத்தில் தேட வசதி இருக்கிறது. காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். போட மாட்டார்கள் என்றாலும் மனுக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளலாம். பிறகு உங்கள் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல். நீளமாக வேண்டாம்:

"நேற்று இரவு 12.30 மணியளவில் குலசேகரன்பட்டினம் தசரா தற்காலிக நிறுத்துமிடத்தில் நின்றிருந்த என் காரின் பின்பக்கத்தில், பின்னோக்கி வந்த இன்ன எண்ணுள்ள கார் மோதியது. யாருக்கும் காயமில்லை. பின் பம்பரும் இடது விளக்கும் சேதம். படங்கள் இணைப்பில். தகவலுக்காகத் தெரிவிக்கிறேன். இப்போது இழப்பீடு கோரவில்லை."

கடைசி வரி முக்கியம். தகவல் தருவது கடமை, பணம் கேட்பது உங்கள் விருப்பம். வாடிக்கையாளர் சேவை எண்ணில் கூப்பிட்டால் சில நேரம் அவர்களாகவே கிளெய்ம் எண் திறந்துவிடுவார்கள். பாலிசி புதுப்பிக்கும் நாளில் அது நிலுவையில் இருந்தால் போனஸுக்குச் சிக்கல் வரும். பணம் எதுவும் பெறவில்லை, கிளெய்ம் மூடப்பட்டது என்று எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இடத்திலேயே பணம் வாங்கி முடிப்பதை நான் பாவம் என்று சொல்ல மாட்டேன். மேலே உள்ள கணக்கு இருக்கும்வரை அதுதான் பலருக்கு அறிவான முடிவு. ஆனால் பம்பரின் வெளித்தோலை மட்டும் பார்த்து விலை பேசாதீர்கள். இன்றைய கார்களில் அதன் பின்னால் தாங்கு சட்டம், பார்க்கிங் சென்சார், விளக்கின் பிடிமானங்கள் இருக்கின்றன. பிளாஸ்டிக் பழைய வடிவத்துக்கே திரும்பி நிற்கும், உள்ளே உடைந்திருக்கும். டிங்கர் வேலை செய்பவரிடம் போன பிறகுதான் 2,000 ரூபாய்ச் சேதம் 12,000 என்று தெரியும். பணம் கொடுப்பவர், முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன் என்று தேதியோடு கையெழுத்து வாங்காமல் கொடுக்கக் கூடாது. யாருக்காவது சிறு அடி பட்டிருந்தாலும் இந்தச் சமரசமே கூடாது. அப்போது காவல் நிலையமும் காப்பீட்டு நிறுவனமும் கட்டாயம்.

கிளெய்ம் கேட்டு இழுத்தடித்தால் போக இடம் இருக்கிறது. 2024இல் வந்த ஆணையத்தின் விதிகளின்படி, சர்வேயர் தேவைப்படும் இழப்புகளுக்கு 24 மணி நேரத்துக்குள் அவரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும், அறிக்கை கிடைத்த 7 நாட்களுக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். மீறினால் நிறுவனத்தின் குறைதீர் அலுவலர், பிறகு ஆணையத்தின் பீமா பரோசா தளம், அதன் பிறகு சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் என்று படி ஏறலாம். குறைதீர்ப்பாளரிடம் போகக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையமும் உண்டு. 5 லட்சம் வரையான புகார்களுக்கு அங்கும் கட்டணம் கிடையாது.

இவ்வளவும் இருந்தும் நிறுத்துமிட மோதல்கள் எந்தக் கணக்கிலும் ஏறாமல் போவதற்குக் காரணம் போனஸ் விதிதான். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த பொதுநல வழக்கில்தான், 2018 செப்டம்பர் முதல் புதுக் கார்களுக்கு மூன்றாண்டு, இருசக்கர வாகனங்களுக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமானது. தமிழ்நாட்டிலிருந்து எழுந்த ஒரு மனு நாட்டின் காப்பீட்டு முறையையே மாற்றியிருக்கிறது. போனஸ் விதியையும் மாற்ற முடியும். நின்றுகொண்டிருந்த வண்டி மீது வேறொரு வண்டி மோதியதற்குப் படமும், இடித்தவரின் எண்ணும், காவல் நிலைய ரசீதோ அவருடைய ஒப்புதலோ இருந்தால், இடிபட்டவரின் போனஸைத் தொடக் கூடாது, கட்டாயப் பிடித்தமும் கழிக்கக் கூடாது. இடித்தவரின் நிறுவனத்திடமிருந்து அதை ஈடுகட்டிக்கொள்வதை நிறுவனங்கள் தங்கள் ஒப்பந்தத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம். நோ கிளெய்ம் போனஸ் மோட்டார் வாகனச் சட்டத்தில் உள்ள விதி அன்று, டாரிஃபிலிருந்து வந்தது. சொந்தச் சேத பிரீமியத்தின் மீதிருந்த டாரிஃப் கட்டுப்பாடு 2007 ஜனவரி 1 அன்றே நீங்கிவிட்டது. எனவே இதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ஒரு சுற்றறிக்கை போதும். அதை ஆணையம் தாமதமில்லாமல் வெளியிட வேண்டும்.